பிளேஸ்டேஷன் நெட்வொர்க் திருட்டில் வாடிக்கையாளர்கள் கோபப்பட்டது எதற்காக?

கேள்வி இதுதான்: 2011ஆம் ஆண்டு, பிளேஸ்டேஷன் கருவியில் இணையத்தில் விளையாடவும் விளையாட்டுகளை வாங்கவும் உதவும் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கிலிருந்து ஏறத்தாழ 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்கள் திருடுபோனபோது, வாடிக்கையாளர்களில் பலர் தகவல் பறிபோனதைவிட விளையாட முடியாமல் போனதற்கே அதிகம் கோபப்பட்டார்கள் என்கிறார்களே, அது உண்மையா? உண்மையென்றால், அவ்வளவு பெரிய திருட்டுக்குப் பிறகும் அவர்கள் அதே சேவைக்கு ஏன் திரும்பி வந்தார்கள்?

பாதி உண்மை. கோபம் இருந்தது, ஆனால் அது ஒரே கோபமாக இருக்கவில்லை. நாளுக்கு நாள் அதன் இலக்கு மாறியது. அந்தந்த நாளில் வாடிக்கையாளருக்கு என்ன தெரியவந்திருந்ததோ அதற்கேற்பவே மாறியது. எனவே நாட்களை வரிசைப்படுத்தாமல் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

ஊடுருவல் நடந்தது ஏப்ரல் 17க்கும் 19க்கும் இடையில். 19ஆம் தேதி சில சர்வர்கள் காரணமின்றித் தாமாகவே மறுதொடக்கம் ஆனதைப் பொறியாளர்கள் கவனித்தார்கள். மறுநாள் நிறுவனம் நெட்வொர்க் முழுவதையும் நிறுத்தியது. போர்ட்டல் 2, மார்ட்டல் காம்பாட், சோகாம் 4 ஆகிய மூன்று விளையாட்டுகளும் அமெரிக்காவில் வெளியானது அதே 19ஆம் தேதிதான். புது விளையாட்டை வாங்கிக்கொண்டு வந்தவருக்குக் கிடைத்தது இணைய முடியவில்லை என்ற பிழைச்செய்தி. 21ஆம் தேதி, சேவை முழுமையாகத் திரும்ப ஒன்றிரண்டு நாள் ஆகலாம் என்று நிறுவனம் சொன்னது. 22ஆம் தேதி, வெளியார் ஊடுருவல் நடந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. அடுத்த நாள், அமைப்பையே மறுகட்டமைப்பு செய்துகொண்டிருப்பதாகச் சொன்னது. அந்த ஆண்டு 22ஆம் தேதி புனித வெள்ளி, 24ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறு. பல நாடுகளில் நீண்ட விடுமுறை. 25ஆம் தேதியோ, எப்போது சேவை திரும்பும் என்று சொல்லத் தங்களிடம் தேதி எதுவும் இல்லை என்றார்கள்.

இந்த ஆறு நாட்களிலும் ஒருவருக்கும் தம்முடைய பெயரும் முகவரியும் கடவுச்சொல்லும் போய்விட்டன என்று சொல்லப்படவில்லை. ஊடுருவல் என்ற சொல் 22ஆம் தேதியே வந்துவிட்டது என்றாலும், ஊடுருவியவர்கள் எதை எடுத்துச் சென்றார்கள் என்பது அதில் இல்லை. ஆகவே அந்த நாட்களில் விளையாட முடியாததற்காகக் கோபப்பட்டவர்களைக் காட்டி, தகவல் திருட்டை அவர்கள் பொருட்படுத்தவில்லை என்று முடிவுகட்டுவது நியாயமல்ல. தெரியாத ஒன்றுக்கு ஒருவர் எப்படிக் கோபப்படுவார்? விளையாட்டுப் பித்தர்கள் என்று அவர்களை அப்போது ஏளனம் செய்தவர்களில் பலர் இந்தத் தேதிகளைப் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 26ஆம் தேதி அறிவிப்பு வந்ததும் எதிர்வினையின் தன்மையே மாறிவிட்டது. பெயர், முகவரி, நாடு, மின்னஞ்சல், பிறந்த தேதி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவை எடுக்கப்பட்டதாக நம்புவதாக நிறுவனம் கூறியது. வாங்கியவற்றின் வரலாறும், பாதுகாப்புக் கேள்விகளுக்கான விடைகளும்கூடப் போயிருக்கலாம் என்றது. கடன் அட்டை பற்றிய வாக்கியம்தான் எல்லோரையும் அலைக்கழித்தது. அட்டை விவரம் எடுக்கப்பட்டதற்கு இதுவரை ஆதாரம் இல்லை, ஆனால் அந்தச் சாத்தியத்தை மறுக்கவும் முடியாது என்பது அதன் சாரம். சட்ட ஆலோசகர்களுக்கு இது கவனமான வாக்கியமாகத் தோன்றியிருக்கும். படித்தவர்களோ இரண்டாகப் பிரிந்தார்கள். முதல் பாதியைப் படித்தவர் அமைதியானார், இரண்டாம் பாதியைப் படித்தவர் வங்கிக்குத் தொலைபேசினார். அட்டை விவரங்கள் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன (சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருந்தன), தனிப்பட்ட விவரங்கள் அப்படிச் செய்யப்படவில்லை என்ற விளக்கம் மறுநாள்தான் வந்தது. கடவுச்சொற்கள் அப்படியே எழுத்தாகச் சேமிக்கப்படவில்லை, ஹாஷ் செய்யப்பட்ட (மூலத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கக் கடினமான எழுத்துக்கோவையாக மாற்றப்பட்ட) வடிவில்தான் இருந்தன என்பதைத் தெளிவுபடுத்த மே 2 வரை ஆயிற்று. அந்த இடைவெளியை மிக மோசமான ஊகங்கள் நிரப்பின. அட்டை எண்களின் பெரிய பட்டியல் ஒன்று கள்ளச்சந்தையில் விலைபேசப்படுகிறது என்ற செய்தியும் பரவியது. அது உண்மையென்று நிறுவப்படவே இல்லை.

கோபத்தின் உச்சம் இங்கேதான், அதன் இலக்கு திருட்டைவிட மௌனமே. வாடிக்கையாளர் தகவல் கசிந்தது 25ஆம் தேதிதான் உறுதியாயிற்று என்று நிறுவனம் விளக்கம் அளித்தது. ஏப்ரல் 20 முதல் 24க்குள் மூன்று தடயவியல் நிறுவனங்களை அடுத்தடுத்து அமர்த்தியதாகவும், எதுவும் உறுதியாகாமல் அறிவித்திருந்தால் தேவையற்ற பீதி கிளம்பியிருக்கும் என்றும் சொன்னது. இந்த விளக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஊடுருவியவர்கள் தடயத்தை அழிக்கும்போது, எந்தத் தரவுத்தளம் வாசிக்கப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்க நாட்கள் ஆகும். ஆனால் வாடிக்கையாளர்கள் கேட்டது முழு அறிக்கையை அல்ல. இதே கடவுச்சொல்லை வேறு இடங்களில் பயன்படுத்தியிருந்தால் மாற்றிவிடுங்கள் என்ற ஒரு வரியை 22ஆம் தேதியே சொல்லியிருக்கலாம். அதற்குத் தடயவியல் முடிவு தேவையில்லை, சொன்னதால் யாருக்கும் நட்டமும் இல்லை. என் கணிப்பில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் பின்னால் எழுந்த சீற்றத்தில் கணிசமான பகுதி எழுந்திருக்காது. அமெரிக்க செனட்டர் ரிச்சர்ட் புளூமெந்தால் 26ஆம் தேதியே எழுதிய கடிதமும், மே 4ஆம் தேதி கீழவையின் துணைக்குழு நடத்திய விசாரணையும் இந்தத் தாமதத்தையே முதலில் பிடித்தன. நிறுவனம் அந்த விசாரணைக்குச் சாட்சி அனுப்பாமல் எழுத்துமூலம் பதில் தந்ததும் எரிச்சலைக் கூட்டியது.

அடுத்தது, வெளியிலிருந்து பார்த்தவர்கள் அதிகம் கவனிக்காத ஓர் இக்கட்டு. நெட்வொர்க் நிறுத்தப்பட்டிருந்ததால் வாடிக்கையாளர் தம் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை. எந்த அட்டையைப் பதிந்து வைத்தோம், எந்த முகவரியைக் கொடுத்தோம், எந்தக் கடவுச்சொல்லை வைத்தோம் என்று பார்க்க வழியில்லை. அட்டையை நீக்கவும் முடியாது, கடவுச்சொல்லை மாற்றவும் முடியாது. கணக்கைத் தொடங்கி நான்கைந்து ஆண்டுகள் ஆனவருக்கு அது நினைவில் இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. எனவே, சேவை எப்போது திரும்பும் என்று 27ஆம் தேதிக்குப் பிறகு கேட்டவர்கள் எல்லோரும் விளையாடுவதற்காகவே கேட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் தம் ஆவணங்கள் இருந்ததாலும் கேட்டார்கள்.

செய்யக்கூடியதாக இருந்த ஒரே காரியம் அட்டையை ரத்து செய்வது. நிறுவனத்தின் கணக்குப்படி உலக அளவில் சுமார் 1.23 கோடிக் கணக்குகளில் அட்டை விவரம் இருந்தது, அவற்றில் சுமார் 56 லட்சம் அமெரிக்காவைச் சேர்ந்தவை. காலாவதியான அட்டைகளும் இந்த எண்ணிக்கையில் அடக்கம். அமெரிக்கச் சட்டத்தில் கடன் அட்டை மோசடியில் வாடிக்கையாளரின் பொறுப்பு 50 டாலருக்கு மேல் போகாது. டெபிட் அட்டையில் இரண்டு வேலை நாட்களுக்குள் புகார் செய்தால்தான் அந்த 50 டாலர் வரம்பு, தாமதித்தால் 500 டாலர் வரையும் அதற்கு மேலும் போகலாம். அதோடு, தகராறு தீரும்வரை முடங்கிக் கிடப்பது வங்கியின் பணமல்ல, அவருடைய சொந்தப் பணம். ஆகவே டெபிட் அட்டையைப் பதிந்தவர்களின் பதற்றத்தை மிகைப்பட்டது என்று சொல்லிவிட முடியாது.

அந்த வாரங்களில் தம் அட்டையில் மோசடி நடந்ததாகச் சொன்னவர்களும் பலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்ட எந்தக் கூட்டத்திலும், எந்த வாரத்தை எடுத்தாலும், வேறு வழிகளில் அட்டை மோசடிக்கு ஆளானவர்கள் சிலர் இருக்கவே செய்வார்கள். பெரிய திருட்டுச் செய்தி ஒன்று கண்முன் இருக்கும்போது, தமக்கு நேர்ந்ததற்கு அதையே காரணமாகக் கொள்வது இயல்பு. இந்தத் திருட்டோடு தொடர்புடைய மோசடி அதிகரிப்பு எதையும் அட்டை நிறுவனங்கள் அப்போது தெரிவிக்கவில்லை என்று சோனி அமெரிக்கக் கீழவைக்கு எழுதியது.

இங்கே ஒரு தலைகீழ் நிலை உண்டு. எல்லோரும் அஞ்சியது அட்டைக்காக. அட்டையோ ஒரு தொலைபேசி அழைப்பில் மாற்றிக்கொள்ளக்கூடிய பொருள். மாற்றவே முடியாத பிறந்த தேதியும், எளிதில் மாற்ற முடியாத முகவரியும், பல தளங்களில் ஒன்றாகவே இருக்கும் பாதுகாப்புக் கேள்வியின் விடையும் போனதைப் பற்றி ஒப்பீட்டளவில் குறைவாகவே பேசப்பட்டது. இதை அறியாமை என்று தள்ளிவிட மாட்டேன். அட்டைத் திருட்டின் விளைவு மாதக் கணக்கறிக்கையில் ஒரு வரியாகத் தெரியும், அதற்குச் செய்யவேண்டியதும் தெளிவானது. பிறந்த தேதி திருடுபோனதன் விளைவு இரண்டாண்டுகள் கழித்து, எங்கோ ஒரு கடன் விண்ணப்பத்தில், எந்தத் திருட்டிலிருந்து வந்தது என்றே தெரியாமல் தலைகாட்டலாம். செய்யத் தக்கது எதுவும் இல்லாத அபாயத்தைப் பற்றித் தொடர்ந்து கவலைப்பட்டுக்கொண்டிருக்க யாராலும் முடிவதில்லை.

பெற்றோர்களின் எதிர்வினை தனி வகை. பிள்ளைகளுக்காகத் துணைக்கணக்கு தொடங்கியிருந்தால் அந்தப் பிள்ளையின் விவரங்களும் போயிருக்கலாம் என்று அறிவிப்பிலேயே எழுதியிருந்தது. வீட்டில் பிள்ளைகள் விளையாடும் கருவி என்று மட்டுமே அதை எண்ணியிருந்த பலருக்கு, தம் பெயரும் அட்டையும் பிள்ளையின் பிறந்த தேதியும் ஒரே தரவுத்தளத்தில் இருந்தன என்பதே புதுச் செய்தி. விளையாட்டு உலகின் சச்சரவுகளோடு தொடர்பில்லாத இவர்களிடம் நிறுவனத்தின் மேல் பற்றும் இல்லை, பகையும் இல்லை. என் பார்வையில், மிகத் தெளிவான கேள்விகள் வந்தது இவர்களிடமிருந்துதான்.

விளையாட்டு உலகின் உள்ளே நிலைமை வேறு. அந்த ஆண்டு ஜனவரியில், பிளேஸ்டேஷன் 3இன் பாதுகாப்பை உடைத்து வெளியிட்ட ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர் மேல் சோனி வழக்குத் தொடர்ந்து, ஏப்ரலில் சமரசத்தை அறிவித்திருந்தது. அந்த வழக்குக்குப் பழிவாங்குவதாக அனானிமஸ் என்ற ஹேக்கர் குழு ஏப்ரல் தொடக்கத்தில் சோனியின் தளங்களைத் தாக்கி, பிறகு தாக்குதல் விளையாடுபவர்களையே பாதிக்கிறது என்று பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கின் மேலான தாக்குதலைக் கைவிட்டது. தரவுத் திருட்டுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றும் கூறியது. இந்தப் பின்னணியில் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் நிறுவனத்தை விட்டுவிட்டு ஹேக்கர்கள் மேல் பாய்ந்தார்கள். இன்னொரு பகுதியினர், சோனி வம்பை விலைக்கு வாங்கியது என்றார்கள். எக்ஸ்பாக்ஸ் ரசிகர்களின் கேலி இதோடு சேர்ந்துகொண்டது. போட்டிக் கருவியின் ரசிகர் கேலி செய்யும்போது தம் பக்கத்து நிறுவனத்தைக் குறைசொல்ல மனம் வராது என்பதால், அந்தக் கேலி சோனிக்கு ஓரளவு கவசமாகவே அமைந்தது என்பது என் எண்ணம்.

மே 1ஆம் தேதி டோக்கியோவில் சோனியின் விளையாட்டுப் பிரிவுத் தலைவர் கசுவோ ஹிராயும் உடனிருந்த இரு அதிகாரிகளும் செய்தியாளர்கள் முன் ஆழமாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். ஜப்பானில் அது பொறுப்பேற்பதன் முறையான வடிவம். மற்ற நாடுகளில் அதைப் பார்த்தவர்களில் சிலர் நெகிழ்ந்தார்கள், சிலருக்கு அது நாடகமாகப் பட்டது. மன்னிப்புக் கேட்ட மறுநாளே, சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் என்ற இன்னொரு பிரிவிலிருந்து 2.46 கோடிக் கணக்குகளின் விவரங்களும் போயிருக்கலாம் என்ற அறிவிப்பு வந்தது. 2007ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய தரவுத்தளம் ஒன்றில், அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் 12,700 அட்டை எண்களும், ஆஸ்திரியா, ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்பெயின் நாட்டவரின் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் பெறுவதற்கான 10,700 பற்று விவரங்களும் இருந்தன என்றார்கள். தேவையில்லாத பழைய விவரங்களை ஏன் இன்னும் வைத்திருந்தீர்கள் என்ற கேள்விக்கு நிறைவான பதில் வந்ததாக நினைவில்லை. இந்தத் திருட்டில் எழுந்த கேள்விகளிலேயே அதுதான் மிக முக்கியமானது என்று கருதுகிறேன்.

சேவை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் திரும்பத் தொடங்கியது மே 14, 15இல். ஜப்பானில் அரசின் பொருளாதார அமைச்சகம் பாதுகாப்பு குறித்து நிறைவடையாததால் தாமதமாயிற்று. திரும்பியவர்கள் முதலில் கடவுச்சொல்லை மாற்றியே ஆகவேண்டும். சில நாட்களில், மின்னஞ்சலும் பிறந்த தேதியும் தெரிந்த எவரும் பிறர் கடவுச்சொல்லை மாற்றிவிடக்கூடிய ஓட்டை ஒன்று அந்த மாற்றும் பக்கத்திலேயே இருப்பது தெரியவந்தது. அந்த இரண்டு விவரங்களும்தான் திருடுபோயிருந்தன. பக்கம் உடனே மூடப்பட்டது. ஏப்ரலில் இது நடந்திருந்தால் பெரும் கொந்தளிப்பு ஏற்பட்டிருக்கும். மே மாதத்தில் சலிப்புதான் மிஞ்சியது.

இனி, ஏன் திரும்பி வந்தார்கள் என்ற கேள்வி. திரும்பி வந்ததை மன்னித்ததற்குச் சான்றாக நிறுவனங்கள் காட்டுவது வழக்கம், அதை நான் ஏற்பதில்லை. ஒருவர் அந்தச் சேவையை விட்டுப் போக வேண்டுமென்றால், பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டுகளையும், விளையாட்டுச் சாதனைகளுக்காக ஆண்டுக்கணக்கில் சேர்த்த டிராஃபிகளையும், நண்பர் பட்டியலையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். புதிதாக ஒரு கருவி வாங்க வேண்டும். அப்போது பிளேஸ்டேஷன் 3இல் இணைய விளையாட்டு இலவசமாக இருந்தது, எக்ஸ்பாக்ஸ் 360இல் அதற்குச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. திருடுபோன தகவலோ போனது போனதுதான், வெளியேறினாலும் திரும்பக் கிடைக்காது. கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் தங்குவதே புத்திசாலித்தனமாகத் தெரியும். நம்பிக்கை குறைந்ததன் அடையாளத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். அட்டையை மீண்டும் பதியாமல் முன்பணக் கூப்பன் வாங்கத் தொடங்கியவர்கள், முகவரியில் பொய்யான தெருவை எழுதியவர்கள், பிறந்த தேதியை மாற்றிக் கொடுத்தவர்கள் எந்தப் பயனர் எண்ணிக்கையிலும் இழப்பாகத் தெரியமாட்டார்கள்.

ஈடாக நிறுவனம் தந்தது ஒரு பட்டியலிலிருந்து இரண்டு பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுகள், பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவி வைத்திருந்தால் அதற்கும் இரண்டு, முப்பது நாள் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா. பட்டியலில் இன்ஃபேமஸ், லிட்டில்பிக்பிளானட் போன்ற நல்ல விளையாட்டுகளே இருந்தன. குறை என்னவென்றால், நீண்டகால வாடிக்கையாளர்களிடம் அவை ஏற்கெனவே இருந்தன. எப்போதாவது விளையாடுபவருக்குப் பரிசு, நெடுநாள் விசுவாசிக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அமெரிக்காவில் ஓராண்டு அடையாளத் திருட்டுக் கண்காணிப்பும் இலவசமாகத் தரப்பட்டது. இழப்புக்கு நேரடியாகப் பொருந்திய ஈடு அதுதான். ஆனால் பேச்சு முழுவதும் விளையாட்டுகளைச் சுற்றியே ஓடியது.

வழக்குகள் ஏப்ரல் 27ஆம் தேதியே தொடங்கிவிட்டன. கலிபோர்னியாவில் ஒன்றிணைக்கப்பட்ட வழக்கில் 2012ஆம் ஆண்டு நீதிமன்றம் பெரும்பாலான கோரிக்கைகளைத் தள்ளியது. முழுமையான பாதுகாப்பு என்று எதுவும் இல்லை என நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கையே சொல்லியிருந்ததையும், மனுதாரர்கள் கட்டணமின்றியே சேவையைப் பெற்றதையும் அது சுட்டிக்காட்டியது. கருவிக்கும் விளையாட்டுக்கும் பணம் கொடுத்தவர்களிடம் நெட்வொர்க் இலவசம்தானே என்று சொன்னது பலருக்கு உவப்பாக இருந்திருக்காது. 2014ஆம் ஆண்டு சமரசம் ஏற்பட்டது. பிரிட்டனில் தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் 2013 ஜனவரியில் 2,50,000 பவுண்டு அபராதம் விதித்தது, மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்றும் கூறியது.

கோபத்தை உண்டாக்கியது எது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க அதே ஆண்டில் இன்னொரு நிகழ்வு உண்டு. 2011 நவம்பர் 6ஆம் தேதி, கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் விவாத மன்றத்தில் ஊடுருவல் நடந்தது. பெயர்கள், ஹாஷும் சால்ட்டும் (ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் கலக்கும் தற்செயல் எழுத்துகள்) சேர்த்த கடவுச்சொற்கள், முகவரிகள், குறியாக்கம் செய்த அட்டை விவரங்கள் இருந்த தரவுத்தளம் ஒன்றையும் ஊடுருவியவர்கள் அணுகிவிட்டதாக, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல் 10ஆம் தேதி கடிதம் எழுதினார். சோனிக்கு ஆறு நாள், இங்கே நான்கு நாள். பெரிய வித்தியாசமில்லை. ஆனாலும் கொந்தளிப்பு மிகக் குறைவு. விவாத மன்றம் மட்டும் மூடப்பட்டது, விளையாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. வாடிக்கையாளர் தம் கணக்கில் நுழைந்து மாற்றவேண்டியதை மாற்ற முடிந்தது. கடவுச்சொல் எந்த வடிவில் சேமிக்கப்பட்டிருந்தது என்பது முதல் கடிதத்திலேயே இருந்தது. 2004 முதல் 2008 வரையிலான பரிவர்த்தனைகளின் காப்புநகல் எடுக்கப்பட்டிருக்கக்கூடும் என்று 2012 பிப்ரவரியில் வால்வ் சொன்னபோதும் பெரிய சலசலப்பு எழவில்லை. 2019ஆம் ஆண்டு ஜிங்கா என்ற விளையாட்டு நிறுவனத்தில் சுமார் 17 கோடிக் கணக்குகள் போயின. எண்ணிக்கையில் அது பிளேஸ்டேஷன் திருட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். வழக்கு வந்தது, ஆனால் பொதுமக்களிடையே அதைப் பற்றிய பேச்சு அதிகம் இல்லை. எதிர்வினையின் அளவு திருட்டின் அளவைப் பின்தொடர்வதில்லை. அன்றாடம் எவ்வளவு குலைந்தது, தாமாக எதையேனும் செய்துகொள்ள முடிந்ததா என்ற இரண்டையே அது பின்தொடர்கிறது.

சோனிக்குத் திரும்புவோம். 2011 செப்டம்பரில் பயனர் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. இனிமேல் கூட்டாக வழக்குத் தொடர முடியாது, தனித்தனியே நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்பது புதிய விதி. உடன்படாதவர் முப்பது நாட்களுக்குள் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டும். முழுக்க இணையத்திலேயே இயங்கும் சேவையிலிருந்து விலக்குப் பெறக் காகிதக் கடிதம் என்பதை வாடிக்கையாளர்கள் கவனிக்கத் தவறவில்லை, எரிச்சலும் எழுந்தது. அக்டோபரில், வேறு எங்கோ கசிந்த பட்டியல்களில் இருந்த பெயர்களையும் கடவுச்சொற்களையும் வைத்துப் பெருமளவில் உள்நுழைய முயற்சி நடந்தது. சுமார் 93,000 கணக்குகளில் அவை பொருந்தின. இம்முறை நிறுவனம் ஓரிரு நாட்களிலேயே அறிவித்து, அந்தக் கணக்குகளைப் பூட்டி, கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது. கோபப்பட்டவர்கள் மிகச் சிலர். ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைக்காதீர்கள் என்று ஏப்ரலிலிருந்து அவர்களுக்குச் சொல்லப்பட்டு வந்தது. அந்த 93,000 பேர் ஆறு மாதம் கழித்தும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.